கல்லறைக்கென்று வைத்த கடைசிச் சரணம்

எங்கள் ஊர் மாதா கோயிலில் சாவுப் பாட்டை முழுசாகப் பாடுகிற வழக்கம் கிடையாது. நாலு சரணம் உள்ள லத்தீன் பாட்டு அது. பெட்டி கோயிலுக்குள் இருக்கும்போது மூன்று சரணம் பாடுவோம். அதோடு வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடப்போம். கல்லறைத் தோட்டத்தில் பிரேதத்தைக் குழிக்குள் இறக்கி, எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்ட பிறகுதான் நாலாவது சரணம். அதை முதல் குரல்காரி தனியாக எடுக்க வேண்டும். மற்றவர்கள் பிற்பாடு வந்து சேர்ந்துகொள்வார்கள். மண் விழாமல் அந்தச் சரணத்தைப் பாடினால், அது தனக்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டு போகும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். எந்தச் சாமியாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. யார் தொடங்கி வைத்தது என்றும் தெரியாது. ஆனால் மீறினவர்கள் யாரும் இல்லை.

முதல் குரல்காரி நான்தான். குன்றாண்டார்கோவிலுக்கு வடக்கே பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் கோயிலில் குரல் எடுத்தால் கண்மாய்க் கரையில் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். தமிழே அப்போது எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், லத்தீனுக்கு எங்கே போவேன். எல்லாம் காதில் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டதுதான். அர்த்தம் தெரியாது. எந்த இடத்தில் அழுகை வரும் என்று மட்டும் தெரியும்.

மகாராஜா ராஜ்ஜியம் போய், புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துச் சில வருஷம் ஆகியிருந்தது. மழை எங்களை ஏமாற்றிக்கொண்டே வந்தது. ஊருணியில் சேறுகூடக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடிதண்ணீருக்குப் பெண்கள் பக்கத்து ஊருக்குப் போய் வசவு வாங்கிக்கொண்டு வந்தோம். எங்கள் சாமியார் கோயில் தோட்டத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு வெட்டச் சொன்னார். அதை வெட்டினவர் என் வீட்டுக்காரர்.

அவர் நார்த்தாமலைப் பக்கம் கல் உடைத்துப் பழகினவர். எங்கள் பூமியில் மேலாகக் கொஞ்சம் மண், அப்புறம் எல்லாம் பாறை. பாறையில் உளியடித்துக் குழி போட்டு, கறுப்பு வெடிமருந்தைக் கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார்கள். கொளுத்தும் முன்னால் “வெடியோ... வெடி!” என்று ஒரு கூப்பாடு. எல்லாக் குழியும் வெடித்த பிற்பாடு “ஆச்சோ... ஆச்சு!” என்று இன்னொரு கூப்பாடு. அந்த இரண்டாவது கூப்பாடு வரும்வரை ஆடு மாடு, பிள்ளை குட்டி ஒன்றும் அங்கிட்டுப் போகக் கூடாது. அவர் குரலில் அந்த “ஆச்சு” கேட்கும்வரை எனக்குக் கையில் வேலை ஓடாது. அரிசி களைந்துகொண்டிருந்தால் தண்ணீரை இறுக்காமல் அப்படியே நிற்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் சாமியார் எங்களைக் கூப்பிட்டு, கார்த்திகையில் மேற்றிராணியார் வருகிறார் என்றார். மேற்றிராணியார் என்றால் பிஷப். அவரை நாங்கள் ‘ஆண்டவர்’ என்றுதான் சொல்வோம். பிள்ளைகளுக்கு நெற்றியில் தைலம் பூசி உறுதிபூசுதல் கொடுக்க வருகிறார். கிணற்றையும் செபம் சொல்லி மந்திரிப்பார். சாயங்காலம் அவர் முன்னால் நம் பாட்டுக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து கச்சேரி மாதிரிப் பாட வேண்டும். திருச்சியிலிருந்து அதற்கென்று ஒரு ஆர்மோனிய வாத்தியாரையும் வரவழைத்துவிட்டார்.

வாத்தியார் இளவட்டம். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. எங்களை நாலு பிரிவாகப் பிரித்து, ஒரே பாட்டை நாலு விதமாகப் பாடச் சொன்னார்.

“நாலு பேரும் நாலு மாதிரிப் பாடினா அது பாட்டா தம்பி? எங்க வீட்டுச் சண்டை மாதிரியில்ல இருக்கும்” என்றாள் சின்னத்தை.

சின்னத்தை என் மாமியாருக்குத் தங்கச்சி. புருஷன் இல்லாதவள். பானைக்குள் தவளை கத்துகிற மாதிரி அடித்தொண்டைக் குரல் அவளுக்கு. அதனால் கீழ்க்குரலுக்கு அவள்தான் தலைவி. வாத்தியார் சொன்னபடி பாடிப் பார்த்தோம். முதல் தடவை சண்டைதான். போகப் போக, நாலு குரலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு எழும்பினபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தொண்டையில் இப்படி ஒன்று இருந்ததா என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

தூறல் விட்டு விட்டு விழுந்ததால் கோயிலுக்குப் பக்கத்து அறையில் பழகினோம். ஊர்ப் பெட்டியை அங்கேதான் விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தனித்தனியாகப் பெட்டி செய்ய வசதி இல்லாத ஊர். எல்லோருக்கும் அந்த ஒரே பெட்டிதான். பிரேதத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். நாங்கள் நாலு குரலில் பாடும்போது அது தலைக்கு மேலே லேசாக ஆடும். காற்றுத்தான். ஆனால் நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

மூன்று பாட்டு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். முதல் பாட்டு மாதாவுக்கு. இரண்டாவது நற்கருணைக்கு. மூன்றாவது எது என்று கேட்டபோது, சாவுப் பாட்டு என்றார். அதில்தான் நாலு குரலும் நன்றாகச் சேருகிறதாம். அது செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற, உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாசம் வேறு, பொருத்தமாக இருக்குமாம்.

அதைப் பழகினபோது மூன்று சரணம் பாடி நிறுத்தினோம்.

“கடைசியை ஏன் முழுங்குறீங்க?” என்றார் வாத்தியார்.

“அது அங்க பாடுறது தம்பி.” சின்னத்தை ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினாள்.

“ஆண்டவர் முன்னால பாதிப் பாட்டா? தலையில்லாத கோழி மாதிரி இருக்கும்மா.”

“தலையைத்தான் பாடுறமே. வாலு இல்லாத கோழின்னு சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் எங்களைக் கண்டித்தார். பாட்டுக்குப் பயப்படுகிறவர்கள் பேய்க்கும் பயப்படுவார்கள், வேதக்காரர்களுக்கு இது அழகா என்று கேட்டார். அவர் சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு ஏது. தலையை ஆட்டினோம். அப்புறமும் பழகும்போது நாலாவது சரணத்தை மட்டும் நான் எடுக்கவே இல்லை. “அன்னைக்கு வரும்” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

“பாட்டு ஆளைக் கொல்லுமா புள்ள? மருந்துதான் கொல்லும்.”

“சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டுப் பேசுற பேச்சாங்க இது?”

“நீ பாடு. நான் கெணத்துல இருந்து கேக்குறேன்.”

ஆண்டவர் வருகிற நாள் விடிந்தபோதே வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மழைக்கு ஏங்கின ஊர்தான், ஆனால் அந்த மேகத்தைப் பார்த்து யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. இடி மட்டும் தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது. கிணற்றில் இன்னும் ஊற்று கண் திறக்கவில்லை. வெறும் கிணற்றையா ஆண்டவர் மந்திரிப்பது என்று சாமியாருக்குத் தாங்கவில்லை. அதனால் காலையிலேயே அடியில் வரிசையாகக் குழி போட்டு மருந்து கெட்டித்து வைத்தார்கள். கெட்டித்து முடித்த நேரம் பார்த்துத் தூறல் வந்தது. பாறையை நனைக்கவும் பற்றாத தூறல். திரியை நமுக்க வைக்க அது போதும்.

ஆண்டவர் ஜீப்பில் வந்து இறங்கி, பூசை முடிந்து, சாயங்காலம் சாமியார் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வெடி வைத்தார்கள். கிணறு வெட்டுகிற தோட்டம் கோயிலுக்குப் பின்பக்கம், பந்தல் முன்பக்கம். நான் பந்தலில் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். “வெடியோ... வெடி!” கேட்டது. ஒவ்வொன்றாக வெடிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. “ஆச்சு” வரவில்லை. இடி ஒரு தரம் உறுமியது. பாயின் முனையைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

“என்னடி, அது கடைசி வெடியா இடியா?” என்று சின்னத்தை கேட்டாள்.

“தெரியலயே அத்தை.”

ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்டவருக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. நாங்கள் வரிசையில் உட்காரப் போகும்போது, பந்தலின் பின்பக்கத்து ஓலைத் தட்டிக்கு அந்தப்புறமிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஓலை இடுக்கில் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தது. முகமெல்லாம் கல் தூசி.

“ஒரு குழி வெடிக்கல புள்ள. திரி நமுத்துப் போச்சு போல.”

“அதை நாளைக்குப் பாக்கக் கூடாதா?”

“ஆண்டவரு நாளைக்கா வாராரு? சாமிக்கிட்டச் சொல்லிட்டேன். பாட்டு நடக்கையில சத்தம் வரக் கூடாதாம். பாட்டு முடிஞ்சதும் நான் எறங்கி, தண்ணிய ஊத்தி மருந்தை நோண்டி எடுத்துருவேன். இவங்க செபம் சொல்லி, சுத்திக்கிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“நமுத்த திரி உள்ளுக்குள்ள பொகஞ்சுக்கிட்டுக் கெடக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க? ஒரு ராப் பொழுதாவது விடணும்னு சொல்லுவீங்களே!”

“சொல்லுவேன். இன்னைக்கு என்ன செய்யச் சொல்ற? ஆண்டவரைக் கூட்டிக்கிட்டு வந்து அந்த விளிம்புல நிறுத்தப் போறாரு சாமி. அப்ப வெடிச்சா?”

நான் பதில் சொல்லுமுன் வாத்தியார் விரலைச் சொடுக்கிவிட்டார். என் வீட்டுக்காரர் போய்விட்டார். போகும்போது, “ஒன் கடைசிச் சரணம் கேட்டதும் எறங்கிருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொன்னதுதான்.

முதல் பாட்டு எப்படிப் போனதோ தெரியாது. இரண்டாவதும் அப்படியே. நன்றாக இருந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். என் வாய் பாடினது, காது மட்டும் கோயிலைத் தாண்டித் தோட்டத்தில் கிடந்தது. மூன்றாவது பாட்டுக்கு ஆர்மோனியம் சுருதி கொடுத்ததும் கூட்டம் அப்படியே அடங்கியது. அது சாவுப் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி இல்லாமல் அதை யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள்.

முதல் சரணம். இரண்டாவது. நாலு குரலும் எழும்பின எழும்பலில் எனக்கே அச்சமாக இருந்தது. அவ்வளவு அழகாக வந்தது, அதுதான் அச்சம். மூன்றாவது சரணமும் முடிந்தது. எல்லாக் குரலும் நின்றன. ஆர்மோனியம் எனக்கென்று தனியாக ஒரு சுருதியை நீட்டியது. வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

பந்தலில் இருந்தவர்களுக்கு அது பாட்டின் கடைசி. எனக்கு அது என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து உள்ளே கால் வைக்கிற நேரம். நான் எடுத்தால் அவர் இறங்குவார். எடுக்காமல் இருந்தால்? பாட்டு இத்தோடு முடிந்தது என்று ஆண்டவர் எழுந்துவிடுவார். பாட்டுச் சத்தம் நின்றது தெரிந்தாலும் கிணற்றடியில் அவர் இறங்கிவிடுவார். ஆர்மோனியம் மறுபடியும் அதே சுருதியைக் கொடுத்தது. சாமியார் முன்னால் குனிந்து என்னை முறைத்தார்.

பக்கத்தில் சின்னத்தை என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஓலைத் தட்டியோடு நான் பேசினதை அவள் பார்த்திருப்பாள். “ஆச்சு” வராததும் அவளுக்குத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பானைக் குரலில், முதல் சரணத்தை முதலிலிருந்து எடுத்தாள்.

கீழ்க்குரல்காரிகள் ஒருத்தி விடாமல் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஆண்கள். நான் என் இடம் வந்ததும் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். வாத்தியார் கை ஆர்மோனியத்தின்மேல் ஒரு கணம் தடுமாறி, வேறு வழியில்லாமல் பின்னால் ஓடி வந்தது. மூன்று சரணம் முடிந்தது. அவர் மறுபடியும் எனக்குச் சுருதி கொடுத்தார். சுருதி அடங்குவதற்குள் சின்னத்தை மறுபடியும் முதல் சரணத்தை எடுத்துவிட்டாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டுக்காரர்களில் பாதிப் பேர் வீட்டு ஆண்கள் அந்தக் கிணற்று வேலையில் இருந்தார்கள். கயிறு இழுக்கிற மாதிரி எல்லோரும் சேர்ந்து அந்தப் பாட்டை இழுத்துப் பிடித்தோம். வாத்தியாருக்கு வியர்த்துச் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. சாமியார் முகம் சிவந்துபோயிற்று. ஆண்டவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் இந்த ஊர் முறை போலிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வானம் இன்னும் இறங்கி வந்து பந்தலுக்குள் இருட்டாகிவிட்டது. பெட்டி இல்லை, பிரேதம் இல்லை. ஆனால் ஊர் மொத்தமும் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாருக்காகப் பாடுகிறோம் என்று எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

மூன்றாவது சுற்றின் நடுவில் தரை தூக்கிப் போட்டது.

பந்தற்கால் ஆடியது. ஆர்மோனியம் ஒரு முனகல் முனகி நின்றது. மேலே ஓலைக்கூரையில் படபடவென்று விழுந்தது. “மழை! மழை!” என்று யாரோ கத்தினார்கள். மழை இல்லை. கல். பொடிக் கல் கூரையில் உருண்டு எங்கள் பாய்மேல் விழுந்தது. ஒன்று என் மடியில் விழுந்தது. இன்னும் சூடு ஆறாத கல்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்து கேட்டேன். காகம் கத்தியது கேட்டது. ஒரு பிள்ளை அழுதது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. சின்னத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உடைந்த வளையலைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

அப்புறம் வந்தது. “ஆச்சோ... ஆச்சு!”

அவர் குரல்தான்.

வாத்தியார் ஒன்றும் புரியாதவர், சுருதியைத் திரும்பக் கொடுத்து, இப்போதாவது பாடுங்கள் என்று கண்ணைக் காட்டினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆண்டவர் எழுந்து சிரித்தார். “வெடியோட முடியிற பாட்டு இப்பத்தான் கேக்குறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. கிணற்று விளிம்பில் ஆண்டவரை நிறுத்த எந்த இடத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்களோ, அந்த இடத்தில் ஆட்டுக்குட்டி அளவு ஒரு பாறைத் துண்டு கிடந்தது. அதைப் பார்த்தபிறகு அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றின் அடியில், உடைந்த பாறை இடுக்கில், கலங்கலாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டின கயிற்றை அவிழ்க்காமல் நின்றார்.

“காலை உள்ள வச்சுட்டு, பாட்டு முடியலன்னு வெளிய எடுத்துத் தள்ளி நின்னேன் புள்ள. கடைசிச் சரணம் வரட்டும் வரட்டும்னு நிக்கிறேன். நீ என்னடான்னா திரும்பத் திரும்ப மொதல்ல இருந்தே போற!”

அன்றைக்குப் பந்தல் கலைந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் ஊர் முழுக்க வந்தது. எல்லோரும் போன பிறகு சின்னத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“அவன் தப்பிச்சுட்டான். சரி. அந்தப் பாட்டு?”

“பாட்டுக்கு என்ன அத்தை?”

“பெட்டி இல்லாம எடுத்தாச்சு. சுத்திச் சுத்திப் பாடி ஒரு சுத்தையும் முடிக்கல. முடியாத பாட்டு எங்கயாவது நிக்கணும்ல? யாரு வாசல்ல நிக்குதோ.”

“வாயைக் கழுவுங்க. விளக்கு வச்ச நேரம்.”

அவள் கழுவவில்லை. நானும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி. சுற்று வட்டாரத்திலிருந்து வந்து மொண்டுகொண்டு போனார்கள். எனக்கு மட்டும் குடத்தைச் சாய்க்கும்போதெல்லாம் அந்தப் பாட்டு காதில் வரும், மூன்று சரணம்வரை. ஊரில் சாவு விழும். நான்தான் பாடுவேன், கல்லறையில் நாலாவது சரணத்தையும் எடுப்பேன். அது அந்த ஆளுக்கான பாட்டு. பந்தலில் தொடங்கினது வேறு. அது அப்படியே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்லறையிலிருந்து திரும்பினதும் கால்கூடக் கழுவாமல் அவர் எங்கே என்றுதான் தேடுவேன்.

அவருக்கு இது விளையாட்டு. சில நாள் உளி தீட்டிக்கொண்டே அந்த நாலாவது சரணத்தை வாய்க்குள் முனகுவார். நான் ஓடிப்போய் வாயைப் பொத்துவேன்.

“எனக்குப் பாடுறப்ப இதையும் விட்டுறாத. பாதியில நிறுத்துனா நான் எந்திரிச்சு வந்துருவேன்” என்பார்.

“வந்துருங்க. நல்லதுதான்.”

சின்னத்தை முதலில் போனாள். அதற்குப் பிற்பாடு அவருக்கு இருமல் தொடங்கியது. கல்லில் வேலை செய்கிற எல்லோருக்கும் கடைசியில் வருகிற இருமல்தான். வெடியில் போகாத உயிரைத் தூசி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிற்று. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டோம். பிறகு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

அதற்குள் கோயிலில் எல்லாம் மாறிப்போயிருந்தது. பூசை தமிழில் வந்துவிட்டது. புதுச் சாமியார், லத்தீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரைப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குள் கொண்டுவந்தபோது தமிழில் ஏதோ பாடினார்கள். நல்ல பாட்டுத்தான். நான் பாடவில்லை. அவருக்கான மூன்று சரணத்தையும் நான் முன்னமே பந்தலில் பாடிவிட்டேன்.

கல்லறையில் இறக்கினார்கள். ஒவ்வொருவராக மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன். சாமியார் புத்தகத்தை மூடப் போனார். நான் முன்னால் வந்து நின்று, நாலாவது சரணத்தை எடுத்தேன். தனியாகத்தான். பழைய ஆட்கள் இரண்டொருவர் சேரப் பார்த்தார்கள், அழுகையில் குரல் வரவில்லை. சாமியார் தடுக்கவில்லை. குரல் எனக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை. அந்த வயசிலும் பிசகவில்லை.

பாடி முடித்ததும் என் காது தன்னால் கிணற்றுப் பக்கம் திரும்பியது. கையில் ஒட்டின மண்ணைத் தட்டாமல் அப்படியே நின்றேன், அவருடைய அந்த “ஆச்சு” வரட்டும் என்று. வெகுநேரம் நின்றேன் போலிருக்கிறது. என் மகள் வந்து, “ஆத்தா, வாங்க, எல்லாரும் போயிட்டாங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.